ஐசியுவில் புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸுக்கு: ஒரு நைட் டியூட்டி, முதலிலிருந்து கடைசி வரை

வார்டிலிருந்து ஐசியுவுக்கு (தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு) போஸ்டிங் மாறி வருகிறவர்கள் முதல் நாள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் மானிட்டரைத்தான் பார்ப்பார்கள். கோடுகள் ஓடும், எண்கள் மின்னும். கீழே படுத்திருப்பவரின் முகத்தைப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். நானும் அப்படித்தான் இருந்தேன். பன்னிரண்டு வருஷம் ஐசியுவிலேயே ஓடிவிட்ட பிறகு, புதியவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: பெட்டருகே போய் மானிட்டருக்கு முதுகைக் காட்டி ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆள் எப்படி இருக்கிறார் என்று உங்கள் கண்ணும் கையும் ஒரு முடிவுக்கு வரட்டும். அப்புறம் திரும்பி எண்களைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையா, உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஐசியு என்ற ஏற்பாடே பக்கத்தில் ஆள் நின்றதால் வந்ததுதான். 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் ப்ளெக்டாம் மருத்துவமனையில் குவிந்தார்கள். அத்தனை பேருக்கும் மெஷின் கிடையாது. மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், கழுத்தில் துளை போட்டு (ட்ரக்கியாஸ்டமி) ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கலாம் என்றார். மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு இரவும் பகலுமாக, மாதக்கணக்கில் பையை அழுத்தினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. 1953 கடைசியில் அதே ஊரில் இப்சன் இதற்கென்றே தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அதன் பிறகு கைகளின் வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது. பார்க்கிற வேலையை எந்த மெஷினும் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி நைட் டியூட்டி நடக்கும் வரிசையிலேயே போகலாம்.

1. ஹேண்டோவர்: பெட்டருகே நின்று வாங்குங்கள்

நர்ஸிங் ஸ்டேஷன் மேசையில் உட்கார்ந்து, சார்ட்டைப் புரட்டிக்கொண்டே ஹேண்டோவர், அதாவது முந்தைய ஷிஃப்டிடமிருந்து பொறுப்பு, வாங்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கால் வலிக்கும், புரிகிறது. ஆனாலும் பெட்டருகே போங்கள். கேட்க வேண்டியவை: ஏன் வந்தார், இன்று எத்தனையாவது நாள், கடந்த 12 மணி நேரத்தில் என்ன மாறியது, எந்த மருந்து எந்த வேகத்தில் போகிறது, எந்த லைன் (ரத்தக்குழாயில் ஏற்றிய குழாய்) எந்தத் தேதியில் போட்டது, எதற்கு அலர்ஜி, எந்த ரிப்போர்ட் பாக்கி, அட்டெண்டரிடம் (கூட இருக்கும் உறவினரிடம்) டாக்டர் என்ன சொல்லியிருக்கிறார். கடைசிக் கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். ராத்திரி 2 மணிக்கு நோயாளியின் மகன் வந்து நிற்கும்போதுதான் ஞாபகம் வரும்.

"பேஷன்ட் ஸ்டேபிள்" என்று யாராவது சொன்னால், எதைப் பிடித்துக்கொண்டு ஸ்டேபிள் என்று கேளுங்கள். பிபி 110/70 என்பது மருந்தே இல்லாமல் வந்தால் ஒரு கதை, பிபியை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலின் 0.3-ல் (கிலோவுக்கு, நிமிடத்துக்கு, மைக்ரோகிராம் கணக்கில்) ஓடும்போது வந்தால் வேறு கதை. சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறிய சதவீதம்) 98 என்றால் எத்தனை சதவீத ஆக்சிஜனில்? 40-ல் 98 வருகிறவரும் 90-ல் 98 வருகிறவரும் ஒரே நிலைமையில் இல்லை.

2. முதல் பத்து நிமிடம்: பெட்டைச் சுற்றி ஒரு வட்டம்

எல்லாம் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

தலைமாட்டில் ஆம்பு பேக் (கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் பை) இருக்கிறதா, அதற்குப் பொருந்தும் மாஸ்க் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிஜன் ஃப்ளோமீட்டரைத் திறந்து காற்று வருகிறதா என்று காதால் கேளுங்கள். சளி உறிஞ்சும் சக்ஷன் ட்யூபை மடித்துப் பிடித்து, கேஜில் முள் ஏறுகிறதா என்று பாருங்கள். பாட்டில் நிரம்பி வழிகிற நிலையில் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு லைனையும் பாட்டிலிலிருந்து உடம்பு வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். எது எங்கே போய்ச் சேர்கிறது என்பது கையில் தெரிய வேண்டும். ஐந்து லைன் பின்னிக் கிடக்கும் பெட்டில் கண்ணை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்து அலாரம். முந்தைய ஷிஃப்டில் யாரோ சத்தம் தாங்காமல் லிமிட்டைத் தளர்த்தியிருப்பார்கள். சராசரி ரத்த அழுத்தத்தை 65-க்குக் கீழே விடக் கூடாது என்று ஆர்டர் இருக்கும்போது அலாரம் 50-ல் நின்றால், அந்த மானிட்டர் ஊமை. அந்தந்த நோயாளிக்குத் தகுந்த லிமிட்டை ஷிஃப்ட் ஆரம்பத்தில் நீங்களே போடுங்கள். தேவையில்லாமல் கத்துவதைக் குறைத்தால்தான் தேவையான சத்தம் காதில் விழும்.

3. தலை முதல் கால் வரை

வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, மற்ற உடம்பு. வரிசையை மாற்றாதீர்கள்.

வாய்வழியாக மூச்சுக்குழாயில் போட்ட ட்யூப் எந்த அளவில் நிற்கிறது என்று பல் வரிசையில் பாருங்கள். பெண்களுக்குச் சுமார் 21, ஆண்களுக்குச் சுமார் 23 சென்டிமீட்டர் வழக்கம். ஆனாலும் உங்கள் நோயாளிக்கு எக்ஸ்ரே பார்த்து எந்த எண்ணில் கட்டினார்களோ அதுதான் கணக்கு. 22-ல் கட்டியது 25-ல் நின்றால் ட்யூப் வலது நுரையீரலுக்குள் போயிருக்கலாம். இடது பக்கக் காற்றுச் சத்தத்தை உடனே கேளுங்கள். ட்யூபைச் சுற்றிக் காற்றடைத்த வளையமான கஃபின் பிரஷரை மானோமீட்டர் வைத்து அளந்து 20-லிருந்து 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குள் வைக்க வேண்டும். அதோடு இணைந்து வெளியே தொங்கும் பைலட் பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்பது ஊகம்.

மூச்சு விடும் எண்ணிக்கைதான் ஆஸ்பத்திரிகளில் அதிகமாக ஏமாற்றி எழுதப்படுவது. எந்த வார்டு சார்ட்டை எடுத்தாலும் எல்லோருக்கும் 20 என்றே இருக்கும். வென்டிலேட்டர் இல்லாத நோயாளிக்கு ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நிலைமை மோசமாகும்போது முதலில் ஏறுவது பெரும்பாலும் இந்த எண்தான், பிபி விழுவது ரொம்பப் பிந்தி. மூக்குத் துவாரம் விரிகிறதா, கழுத்துத் தசை இழுக்கிறதா, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசி முடிக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டால் போதும். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

ரத்த ஓட்டத்துக்குக் கையை வைத்துப் பாருங்கள். விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்தி விட்டால் மூன்று விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். புத்தகத்தில் முழங்காலைச் சுற்றித் திட்டுத் திட்டாக நிறம் மாறும் என்று போட்டிருக்கும். நம் ஆட்களின் கறுத்த தோலில் அது லேசில் தெரியாது. அதனால் புறங்கையை வைத்துப் பாதத்திலிருந்து மேலே தடவிக்கொண்டு போங்கள், குளிர்ச்சி எங்கே முடிகிறது என்று குறித்து வையுங்கள். 10 மணிக்குக் கணுக்கால் வரை ஜில்லென்று இருந்தது 12 மணிக்கு முழங்கால் வரை ஏறியிருந்தால் அது செய்தி. நீலம் பாய்ந்திருக்கிறதா என்று நகத்தில் தேடுவதைவிட நாக்கிலும் உதட்டின் உள்பக்கத்திலும் பாருங்கள்.

சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. வர வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 30 மி.லி. பேக்கைப் பார்ப்பதற்கு முன் ட்யூப் மடங்கியிருக்கிறதா, ஆளுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர் வரவில்லை என்று டாக்டரை எழுப்பி, அவர் வந்து தொடைக்கு அடியிலிருந்து ட்யூபை எடுத்துவிட்டதும் 400 மி.லி. கொட்டிய சம்பவம் எனக்கே நடந்திருக்கிறது.

நினைவுக்கு கிளாஸ்கோ அளவுகோல். 1974-ல் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் கிளாஸ்கோவில் உருவாக்கியது. 3-க்குக் கீழே இல்லை, 15-க்கு மேலே இல்லை. மொத்தத்தை மட்டும் எழுதாதீர்கள், கண், பேச்சு, அசைவு மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். அசைவு 6-லிருந்து 5 ஆனால், மொத்தம் ஒன்றுதானே குறைந்திருக்கிறது என்று விடக் கூடாது. சொன்னதைச் செய்த ஆள் இப்போது வலித்தால் மட்டும் கையைக் கொண்டுவருகிறார் என்று அர்த்தம்.

கடைசியில் ஆளைத் திருப்பி முதுகைப் பாருங்கள். பின்மண்டை, இடுப்புக்குக் கீழ் எலும்பு, குதிகால், ட்யூப் கட்டிய நாடா பதியும் உதட்டோரம். பெட்சோர் (படுக்கைப்புண்) உங்கள் ஷிஃப்டில் வந்ததா முன்பே இருந்ததா என்ற சண்டை காலையில் வரும். அதற்காக மட்டும் பார்க்கச் சொல்லவில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டால் பெரும்பாலும் வராமலே தடுத்துவிடலாம்.

4. எண்களை எப்போது நம்பலாம்

நான் ஐசியுவுக்கு வந்து மூன்றாவது மாதம் நடந்தது இது. செப்சிஸ் (உடம்பு முழுக்கப் பாதிக்கும் கடும் தொற்று) வந்த ஒரு பெரியவர், கையில் ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் பிபி அளக்கும் குழாய்), ஓடுவது நார்அட்ரினலின். சாயங்காலம் பிசியோதெரபி செய்வதற்காக யாரோ பெட்டை உயர்த்தியிருக்கிறார்கள், இறக்கவில்லை. அந்த லைனின் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் ஸ்டாண்டில் பழைய உயரத்திலேயே நின்றது, அதாவது இதயத்துக்கு ஒரு சாண் கீழே. மானிட்டரில் சராசரி அழுத்தம் 78. பிரமாதமாக இருக்கிறது என்று ஆர்டர்படி மருந்தைக் குறைத்தேன். இன்னும் 76. மறுபடி குறைத்தேன். பத்தரை மணிக்குச் சிறுநீர் 10 மி.லி.தான். கையைத் தொட்டால் ஐஸ். சீனியர் அக்கா வந்து ஒரு வார்த்தை பேசாமல் டிரான்ஸ்டியூசரைத் தூக்கி நெஞ்சு மட்டத்தில் வைத்து ஜீரோ போட்டார். 58. என் கை நடுங்கியது. மருந்தை ஏற்றினோம், ஆள் பிழைத்தார். அக்கா என்னைத் திட்டவே இல்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

கணக்கு இதுதான்: டிரான்ஸ்டியூசர் 10 சென்டிமீட்டர் கீழே போனால் அளவு சுமார் 7.5 எம்எம் பொய்யாக ஏறும், மேலே போனால் அதே அளவு இறங்கும். நான்காவது விலா இடைவெளியும் அக்குளுக்குக் கீழே பக்கவாட்டு நடுக்கோடும் சந்திக்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். ஷிஃப்ட் தொடங்கும்போதும், பெட்டை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். லைனுக்குச் சலைன் தள்ளும் பிரஷர் பேக் 300 எம்எம்மில் நிற்க வேண்டும். லைனில் காற்றுக் குமிழியோ ரத்தக் கட்டியோ இருந்தால் அலை மழுங்கி, மேல் எண் குறைவாகக் காட்டும். சந்தேகம் வந்தால் மற்ற கையில் சாதாரண பிபி கஃப் கட்டிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

விரல் சாச்சுரேஷனும் இப்படித்தான். கை குளிர்ந்திருந்தால், அடர் நிற நகப்பூச்சு இருந்தால், ஆள் உதறினால் எண் குதிக்கும். அலை ஒழுங்காக வருகிறதா, அதில் காட்டும் துடிப்பும் ஈசிஜி துடிப்பும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் நம்பலாம். தீ விபத்தில் புகையில் மாட்டியவருக்கு 100 காட்டினாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்றே எண்ணிக்கொள்ளும்.

5. மருந்து: பேப்பரும் பேனாவும் எடுங்கள்

நார்அட்ரினலின் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பழகினால் பிறகு பம்ப் எதைக் காட்டினாலும் சரிபார்க்கலாம். 4 மி.கி.யை 50 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 0.1 என்று ஆர்டர். 60-ஐ 0.1-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம். 360-ஐ 80-ஆல் வகுத்தால் 4.5. பம்பில் மணிக்கு 4.5 மி.லி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆம்ப்யூல் மேல் எழுதியிருப்பது பைடார்ட்ரேட் உப்பின் எடையா, பேஸ் (உப்பைச் சேர்க்காத மருந்து) எடையா என்று படியுங்கள். 2 மி.கி. பைடார்ட்ரேட்டில் பேஸ் 1 மி.கி.தான். கம்பெனி மாறி ஸ்டாக் வந்த அன்று இதைப் பார்க்காமல் கலந்தால் டோஸ் பாதியாகும், அல்லது இரட்டிப்பாகும்.

சிரிஞ்ச் தீரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த மருந்தின் வேலை ஓரிரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்த சிரிஞ்சை லேபிளோடு தயாராக வைத்து, முடிந்தால் இரண்டாவது பம்பில் ஓடவிட்டுவிட்டுப் பழையதை நிறுத்துங்கள். அந்த லைனில் வேறு எந்த ஊசியும் போடக் கூடாது. நீங்கள் ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளும்போது ட்யூபில் நிற்கும் நார்அட்ரினலின் மொத்தமும் ஒரே தள்ளில் உள்ளே போகும், பிபி 220-க்குப் பறக்கும்.

இன்சுலினில் நம் நாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: மி.லி.க்கு 40 யூனிட் பாட்டிலும் மி.லி.க்கு 100 யூனிட் பாட்டிலும் ஒரே ஃபிரிட்ஜில் இருக்கும். 50 யூனிட் வேண்டுமென்றால் முதலாவதில் 1.25 மி.லி., இரண்டாவதில் 0.5 மி.லி. சிகப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. மாற்றி எடுத்தால் இரண்டரை மடங்கு வித்தியாசம். பாட்டிலை இன்னொரு ஸ்டாஃபிடம் காட்டி, அவர் வாயால் படிக்க வைத்துவிட்டுத்தான் ஏற்றுங்கள்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலைப் பற்றி ஒரே வரி: நேரடியாக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். டிஸ்டில்டு வாட்டர் வைத்திருக்கும் டிரேயில் அதை யாராவது வைத்திருந்தால் அந்த நிமிடமே எடுத்துத் தனியே பூட்டி வையுங்கள்.

6. வென்டிலேட்டர் கத்தும்போது

மெஷினை அணுகி சைலன்ஸ் பட்டனைத் தேடும் கை முதலில் நோயாளியின் நெஞ்சில் இருக்க வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குகிறதா? இரண்டு பக்கமும் சமமாகவா? நிறம் எப்படி? ஆள் நன்றாக இருந்தால் நிதானமாக அலாரத்தைப் படிக்கலாம். ஆள் நன்றாக இல்லை, காரணமும் உடனே தெரியவில்லை என்றால் மெஷினைக் கழற்றிவிட்டு 100 சதவீத ஆக்சிஜனோடு ஆம்பு பேக் போட்டுக்கொண்டே உதவிக்குக் கூப்பிடுங்கள்.

கையால் அழுத்தும்போதே பாதி விடை வந்துவிடும். லேசாகக் காற்றுப் போய் ஆள் தேறினால் கோளாறு மெஷினிலோ சர்க்யூட்டிலோ. கல் மாதிரி இறுக்கமாக இருந்தால் ட்யூப் அடைத்திருக்கலாம், ஆள் கடித்துக்கொண்டிருக்கலாம். சக்ஷன் கதீட்டர் உள்ளே இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறி, மறுபக்கம் சத்தமே இல்லாமல், பிபியும் விழுந்தால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கட்டியிருக்கலாம், அப்போது டாக்டர் ஓடி வர வேண்டும். காற்று பக்கவாட்டில் கசிந்து, ஆளின் குரல் கேட்டால் ட்யூப் இடம் மாறியிருக்கலாம், அல்லது கஃபில் காற்று இறங்கியிருக்கலாம். ட்யூப் போட்ட ஆள் "அம்மா" என்று தெளிவாகச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள்.

சக்ஷனை மணிக்கு ஒருமுறை என்று கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டியதில்லை. சளிச் சத்தம் கேட்டால், அழுத்தம் ஏறினால், அலை ரம்பம் போல வந்தால் செய்யுங்கள். முன்னதாக 100 சதவீத ஆக்சிஜன். கதீட்டர் ட்யூபின் உள்விட்டத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உள்ளே போட்டதிலிருந்து வெளியே எடுப்பதுவரை 15 விநாடிக்குள். நான் என் மூச்சையும் கூடவே அடக்கிக்கொள்வேன். எனக்கு மூச்சு முட்டினால் அவருக்கு எப்போதோ முட்டியிருக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றி இளக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடலாம்.

தலைமாடு 30-லிருந்து 45 டிகிரி. கண்ணால் பார்த்து "30 இருக்கும்" என்று நாம் நினைப்பது பெரும்பாலும் 20-தான், பெட்டின் பக்கத்திலுள்ள அளவைப் பாருங்கள். வாயைச் சும்மா துடைத்தால் போதாது, சின்ன பிரஷ்ஷால் பல் தேய்த்துவிட வேண்டும்.

கை கழுவுவதைத் தனியாக அழுத்திச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது. ஆனால் ஒரு பெட்டிலிருந்து அடுத்த பெட்டுக்குக் கிருமியைச் சுமப்பது நம் கைதான். ஹேண்ட்ரப் என்றால் 20-30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40-60 விநாடி. கிளவுஸ் போட்டிருக்கிறேன் என்பது கணக்கில் வராது, அந்தக் கிளவுஸோடு மானிட்டரையும் பேனாவையும் தொட்டிருப்பீர்கள். சென்ட்ரல் லைன் (இதயத்தருகே பெரிய ரத்தக்குழாயில் போட்ட லைன்) வாயை ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் ஸ்வாபால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காய விட்டு, பிறகு ஊசி போடுங்கள். தேவையில்லாத கதீட்டரை எடுக்கலாமா என்று தினமும் ரவுண்ட்ஸில் கேளுங்கள். இதைக் கேட்க நர்ஸுக்கு எல்லா உரிமையும் உண்டு.

7. பூச்சிமருந்து கேஸ் வந்த இரவு

தமிழ்நாட்டில் மாவட்ட அளவில் வேலை பார்க்கிற எந்த ஐசியு நர்ஸும் இதிலிருந்து தப்ப முடியாது. ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்தின் விஷம். கேஸ் உள்ளே வரும்போதே நாற்றம் வந்துவிடும். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும், வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, தொடைத் தசைகள் தோலுக்கு அடியில் புழு நெளிவது போலத் துடிக்கும்.

முதலில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்: கிளவுஸ், கவுன், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆளின் துணியை வெட்டி எடுத்துப் பையில் கட்டி, சோப்பும் தண்ணீரும் போட்டு உடம்பைக் கழுவுங்கள். தலைமுடி, காதின் பின்புறம், நகக்கண், தொப்புள் இவையெல்லாம் விட்டுப்போகும் இடங்கள். இதற்காக அட்ரோபினையும் (இந்த விஷத்துக்கான முறிவு மருந்து) ஆக்சிஜனையும் தாமதப்படுத்தக் கூடாது, இரண்டு பேர் சேர்ந்தால் இரண்டும் நடக்கும்.

அட்ரோபின் ஆம்ப்யூல் ஒன்றில் 0.6 மி.கி. டாக்டர் 3 ஆம்ப்யூலில் ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கிறோம், போதவில்லை: 6. பிறகு 12. பிறகு 24. உடைத்து உடைத்து விரல் அறுபடும். காலி ஆம்ப்யூல்களை எறியாமல் கிட்னி டிரேயில் போடுங்கள். அவசரம் அடங்கியதும் எண்ணினால் 45, அதாவது 27 மி.கி. அடுத்து ஓடப்போகும் டிரிப்பின் அளவை டாக்டர் இந்த மொத்தத்தில் 10-லிருந்து 20 சதவீதம் என்றுதான் போடுவார், மணிக்குச் சுமார் 3-லிருந்து 5 மி.கி. எண்ணிக்கை தப்பினால் டிரிப்பும் தப்பும்.

எப்போது போதும்? ஐந்தைப் பாருங்கள்: நெஞ்சில் கரகரப்பு போய்விட்டதா, துடிப்பு 80-க்கு மேலா, மேல் பிபி 80-க்கு மேலா, அக்குள் காய்ந்திருக்கிறதா, கண்மணி ஊசிமுனையாக இல்லாமல் இருக்கிறதா. இதில் நெஞ்சுதான் ராஜா. கண்மணி பெரிதாக விரிய வேண்டும் என்று துரத்தாதீர்கள். அக்குளைப் பார்க்க டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுப்பது என் வழக்கம், ஈரம் ஒட்டாமல் வந்தால் சரி. இனி மணிக்கு ஒருமுறை இந்த ஐந்தும் சார்ட்டில் ஏற வேண்டும். ஆள் பிதற்ற ஆரம்பித்து, உடம்பு காய்ந்து, குடல் சத்தம் நின்று, ஜுரம் ஏறினால் மருந்து அதிகமாகிவிட்டது. டாக்டரைக் கூப்பிடுங்கள், டிரிப்பை நிறுத்திவிட்டுப் பிறகு குறைந்த அளவில் தொடங்கச் சொல்வார்.

பெரிய ஏமாற்று இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை. ஆள் கண் விழித்துப் பேசுவார், காபி கேட்பார், அட்டெண்டர்கள் வார்டுக்கு எப்போது மாற்றுவீர்கள் என்பார்கள். அந்த நேரத்தில்தான் கழுத்துத் தசை தளரத் தொடங்கி, பின்னாலேயே மூச்சுத் தசையும் ஓயும். இதைப் பிடிக்க மெஷின் வேண்டாம். ஒவ்வொரு ஷிஃப்டிலும், முடிந்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, "தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்க பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நேற்று தூக்கியவர் இன்று தூக்க முடியாமல் திணறினால், சாச்சுரேஷன் 99 இருந்தாலும் இப்போதே டாக்டருக்குப் போன். மானிட்டர் அதைச் சொல்லும்போது ட்யூப் போட நேரம் இருக்காது.

அவரிடம் "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று மட்டும் கேட்காதீர்கள். காவலாளி முதல் லேப் பையன் வரை எல்லோரும் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். மனநல மருத்துவர் பார்க்காமல் டிஸ்சார்ஜ் ஆகக் கூடாது என்பதை ஹேண்டோவரில் எழுதுங்கள், அரசு மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-ஐக் குடும்பத்தாரிடம் குறித்துக் கொடுங்கள்.

8. பேச முடியாதவரின் வலி, குழப்பம்

ட்யூப் போட்டவருக்கு வலிக்காது என்று யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். முகம் சுருங்குவது, கை முஷ்டி பிடிப்பது, வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் வலியின் பாஷை. மயக்க மருந்தை ஏற்றுவதற்கு முன் வலிக்கு ஏதாவது கொடுத்தோமா என்று பாருங்கள். ஆழ்ந்த தூக்கத்தில் போட்டு வைத்தால் நமக்கு டியூட்டி சுகமாக இருக்கும், அவருக்கு வென்டிலேட்டர் நாட்கள் கூடும்.

வயதானவர்கள் மூன்றாம் நாள் சுவரில் பாம்பு தெரிகிறது என்பார்கள், இல்லாவிட்டால் சத்தமே இல்லாமல் வெறித்துப் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது வகையை "அமைதியா இருக்கார்" என்று எழுதிவிடுகிறோம். இரண்டும் டெலிரியம்தான், அதாவது நோயில் திடீரென்று வரும் மனக்குழப்பம். கண்ணாடி, காது மெஷின், பல்செட் இவற்றை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். ராத்திரி விளக்கைக் குறையுங்கள். ஒவ்வொரு முறை தொடும்போதும் "அப்பா, நான் நர்ஸ், இப்ப மணி பத்து, திரும்பிப் படுக்க வைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். கையைக் கட்டுவது கடைசி வழி, கட்டினால் ஆர்டரும் நேரமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

9. டாக்டரை எழுப்புவது எப்படி

"சார், 6-ம் பெட் பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார், கொஞ்சம் வந்து பாருங்க" என்றால் வர மாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, 3 மணிக்கு அந்த வாக்கியத்தில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படிச் சொல்லுங்கள்:

"சார், ஐசியு 6-ம் பெட் ஸ்டாஃப் பேசுறேன். பிபி இறங்குது, சராசரி 56, கஃப்லயும் பாத்துட்டேன். 62 வயசு, குடல் ஓட்டை ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள். நார்அட் ஒரு மணி நேரத்துல 0.1-ல இருந்து 0.25 ஆகியிருக்கு. யூரின் போன ஒரு மணி நேரத்துல 12 மி.லி., வயிறு இறுகியிருக்கு, ட்ரெய்ன் ட்யூப்ல வர்றது நிறம் மாறியிருக்கு. உள்ளே லீக் இருக்குமோன்னு தோணுது சார். நீங்க இப்ப வரணும். வர்றதுக்குள்ள ஏபிஜி, லாக்டேட் எடுத்து வைக்கட்டுமா?"

(ஏபிஜி, லாக்டேட் இரண்டும் ரத்தப் பரிசோதனைகள்.) அரை நிமிடம்கூட ஆகாது. என்ன நடக்கிறது, யார், என்ன பார்த்தேன், என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும் என்று எல்லாம் இருக்கிறது. "தோணுது" என்று சொல்லத் தயங்காதீர்கள். சொன்ன ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்து, நேரத்தோடு எழுதுங்கள். வரவில்லை என்றால் பத்து நிமிடத்தில் மறுபடி போன், அப்புறம் அவருக்கு மேலே இருப்பவருக்கு. இன்சார்ஜ் சிஸ்டருக்குத் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள், அவர் உங்கள் பக்கம் நிற்பார்.

10. காலை ஹேண்டோவர்

ஆறு மணிக்கு இன்டேக் அவுட்புட் கூட்டுவோம். கூட்டல் சரியாக வருகிறதா என்று மட்டும் பார்க்காமல், அந்த எண் ஆளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டு லிட்டர் கூடுதலாக உள்ளே இருக்கிறது என்று தாள் சொன்னால் கால் வீங்கியிருக்கிறதா, ஆக்சிஜன் தேவை ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுத வேண்டாம், விட்டுப்போன 4 மணி அளவை விட்டுப்போனது என்றே விடுங்கள்.

ஏழரைக்கு அடுத்த ஸ்டாஃப் வருவார். புதிதாக வந்தவராக இருந்தால் நேராக மானிட்டரைத்தான் பார்ப்பார். நீங்கள் பெட்டின் மறுபக்கம் போய் நின்று நோயாளியின் பாதத்தைத் தொட்டு, "ராத்திரி முழங்கால் வரைக்கும் ஜில்லுன்னு இருந்துச்சு, இப்ப கணுக்கால் வரைக்கும் இறங்கியிருக்கு, நீங்களும் தொட்டுப் பாருங்க" என்று ஆரம்பியுங்கள்.